கோடைமலை இரசமும் காலாப்பட்டுக் கிணறும்

நம் சங்கத்துப் பத்திரிகையில் இதுகாறும் யாம் எழுதிவந்த கட்டுரைகள் பெரும்பாலும் கோயில், கல்வெட்டு, பழம்பாட்டு என்னும் மூன்றனுள் அடங்குவன. பண்டிதத் தொழில் செய்வார்க்கு அவையே எளிதிற் கைவருவன ஆதலின், அன்பர்களும் அவற்றையே எம்மிடம் எதிர்பார்த்து வந்தனர். சென்ற கூட்டத்தில் பந்தி எழுந்து கைகழுவும் வேளையில், காலாப்பட்டைச் சார்ந்த நம் குலத்து இளைஞர் ஒருவர் எம்மை அணுகி, "ஐயா, எல்லாக் கோயிலுக்கும் வரலாறு எழுதினீர்கள். எங்கள் தெருக் கிணற்றுக்கும் ஒன்று எழுதக் கூடாதா? அந்தத் தண்ணீர் எந்த வருஷம் கெட்டது என்று சொல்லுங்கள்," என்றார். அருகில் நின்றோர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். இல்லம் சேர்ந்து, தாளும் எழுதுகோலுமாக அமர்ந்த பின்னரே அவ்வினாவின் வன்மை எமக்குப் புலனாயிற்று. ஒரு வரிக்கு மேல் எழுத இயலவில்லை. அவ்வியலாமை ஏன் நேர்ந்தது என்பதும், அதனால் நமக்கு வரக்கூடிய கேடு யாது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

காலாப்பட்டின் கிடக்கையை நம்மவர் அறிவர். ஆயினும் வெளியூரிலுள்ள நம் குடும்பத்தார் பொருட்டுச் சிறிது கூறுவாம். புதுச்சேரி நகரிலிருந்து கடற்கரைச் சாலையே வடக்கு நோக்கிச் செல்வார், கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்த பின்னரே மீண்டும் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட மண்ணை மிதிப்பர். பிள்ளைச்சாவடி, சின்னக் காலாப்பட்டு, பெரிய காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் என்னும் ஊர்கள் அடங்கிய அத்துண்டு நிலத்திற்குக் கிழக்கே கடல்; ஏனைய மூன்று புறமும் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரர்க்கு 1816ஆம் ஆண்டளவில் மீண்டும் அளிக்கப்பட்ட நிலங்கள் ஒட்டுப்போட்ட துணிபோல் சிதறிக் கிடந்தமையால் வந்த அமைப்பு இது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962இல் சட்டப்படி இணைப்பும் நிறைவுற்றது. துண்டு துண்டாதல் மட்டும் நீங்கிற்றில்லை. காற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் எல்லைக்கல் தெரியாது. ஆயினும் முறையீடு எழுதுவோர்க்கு, எவ்வரசின் எவ்வலுவலகத்திற்கு எழுதுவது என்னும் ஐயம் அவ்வெல்லைக்கல்லால் இன்றளவும் உண்டு.

நகரத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் எந்நாள் வந்தது, அதிலிருந்து என்ன இறங்கிற்று, துய்ப்ளேக்சு துரை யாரிடம் சினந்தார் என்பன யாவும் அதில் உள. இரு நூற்றாண்டு கடந்தும் வரலாற்றாசிரியர் அந்நூலை விடாது பற்றுகின்றனர். நம் குப்பங்களிலோ, கட்டுமரம் எத்தனை, வலை எத்தனை, பஞ்சாயத்தில் தண்டம் எவ்வளவு என்பதற்கேனும் வாய்மொழிக் கணக்கு உண்டு. கிணற்றுக்குக் கணக்கு வைத்தார் எவரும் இலர். இனிய நீர் ஊறும்வரை கிணற்றை எவர் நினைப்பார்?

இனி ஆலைகள் வந்த வரலாற்றைக் காண்பாம். நம் கரைக்கு வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் நெடுங்காலமாக உள. உப்பை நீரிற் கரைத்து, அந்நீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் மூன்று பொருள் பிறக்கும்: காஸ்டிக் சோடா என்னும் எரிசோடா ஒன்று, குளோரின் வாயு ஒன்று, ஹைட்ரஜன் வாயு ஒன்று. சோப்புக்கும், காகிதத்திற்கும், துணி வெளுப்பதற்கும், குடிநீரைத் தூய்மை செய்வதற்கும் இவை வேண்டும். ஆதலின் உப்பும் மின்சாரமும் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் அவ்வாலை அமைதல் இயல்பே. கெம்ஃபாப் ஆல்கலிஸ் என்னும் நிறுவனத்தார் 1985இல் காலாப்பட்டில் தொடங்கிய ஆலை அத்தகையது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நடுநிலையோடு கூறுதல் எம் கடமை. எரிசோடா செய்வதற்கு அந்நாளில் உலகெங்கும் பெருவழக்காக இருந்த முறைகளுள் ஒன்று பாதரச முறை. 1890களில் காஸ்ட்னர், கெல்னர் என்னும் இருவர் தனித்தனியே கண்டது அது. தொட்டியின் அடியிற் பாதரசத்தை மெல்லிய ஆறுபோல் ஓடவிடுவர்; உப்பிலுள்ள சோடியம் அதனிற் படிந்து கலந்து செல்லும்; பின்னர் நீரிற் சேர்ந்து எரிசோடாவாகும். முறை நேர்த்தியானதுதான். எனினும் இரசத்தில் ஒரு பகுதி கழிவுநீரோடும், ஆவியோடும், சேற்றோடும் ஆண்டுதோறும் வெளியேறிவிடும். காலாப்பட்டு ஆலையோ தொடக்கத்திலேயே பாதரசத்தை விடுத்து, சவ்வு ஒன்றை இடையே வைத்துப் பிரிக்கும் புதுமுறையை மேற்கொண்டது. இந்தியாவில் அம்முறையை முதன்முதற் கைக்கொண்ட ஆலை என்னும் பெயரும் அதற்கு உண்டு. ஆகவே எரிசோடாத் தொழில் வழியாகப் பாதரசம் நம் கரைக்கு வரவில்லை. அது நம் நல்லூழ். அந்நல்லூழ் நம் விழிப்பினால் வந்ததன்று; பொறியைத் தெரிந்தெடுத்தவர் செய்த தெரிவினால் வந்தது. அவர் வேறு பொறியைத் தெரிந்தெடுத்திருப்பினும் நம் முன்னோர் அறிந்திருக்க வழியில்லை. ஏனெனில், ஆலை அமைக்குமுன் ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்னும் விதி நம் நாட்டில் 1997ஆம் ஆண்டிலேதான் கட்டாயமாயிற்று. தண்ணீர்ச் சட்டம் 1974இலும் காற்றுச் சட்டம் 1981இலும் வந்தன என்பது மெய்யே. போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு பரந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பின்னர், 1986இல் சுற்றுச்சூழற் சட்டம் வந்தது என்பதும் மெய்யே. அவற்றுள் எதுவும் குப்பத்து மனிதனை அழைத்து "உன் கருத்து யாது?" என்று வினவும் கடப்பாட்டை அன்று விதித்திலது.

நாம் தப்பிய அப்பாதரசம், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டிலேயே வேறோர் ஊர்க்குச் சென்றது. அவ்வூர் கோடைக்கானல். நம் கிணற்றுக்கு வரலாறு எழுத முயன்று தோற்ற யாம், அவ்வூர் வரலாற்றைத் தேடிப் படித்தது இக்காரணத்தாலேயே. கடலோரத்தார்க்கு மலைமேல் ஊரோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாகும். சற்றே பொறுத்து மேலே படிக்க வேண்டுகின்றோம்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை நம்மில் அறியாதார் இலர். அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்னும் ஊரில் இக்கருவியைச் செய்துவந்த செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை, அங்கே நின்று, 1983-84ஆம் ஆண்டுகளிற் கோடைக்கானலில் எழுந்தது. பாதரசம் அங்கிருந்து வரும். கண்ணாடி அங்கிருந்து வரும். செய்து முடித்த கருவிகள் மேனாடுகளுக்கே திரும்பச் செல்லும். நம்மவர் கையும் மூச்சும் மட்டுமே இவ்விடத்தன. 1987இல் யூனிலீவர் நிறுவனத்தார் அப்பெருநிறுவனத்தை உலகளவில் வாங்கினர். பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கீழ் இவ்வாலை வந்தது.

ஆலை நின்ற இடம் மலைமுகடு. அதன் சரிவு பாம்பாற்றுச் சோலையில் இறங்குகின்றது. அப்பாம்பாறே பெரியகுளத்தருகே கும்பக்கரை அருவியாக வீழ்வது. குற்றாலம் போக இயலாதார் அவ்வருவியில் நீராடி மகிழ்வர். மலையின் மறுபக்கத்தில் கோடைக்கானல் ஏரி. பழனிமலைத் தொடரிலேயே இவையெல்லாம் நிகழ்ந்தன என்பதை எண்ணுந்தோறும் எமக்கு ஒரு வியப்பு. பழனித் திருவுருவைப் போகர் நவபாடாணத்தாற் செய்தார் என்பது செவிவழி வழக்கு. வீரம், பூரம், இலிங்கம் எனச் சித்தர் நூல்களிற் பயில்வன யாவும் இரசச் சேர்க்கைகளே. இரசத்தைக் 'கட்டுதல்' என்னும் தொழிலுக்கு அவர்கள் எத்துணை அஞ்சி, எத்துணைப் பத்தியம் விதித்தனர் என்பது அந்நூல்களைப் புரட்டினார்க்கு விளங்கும். கட்டாத இரசம் ஓரிடத்தில் நில்லாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பாதரசம் நீரினும் பதின்மூன்றரை மடங்கு கனமுடையது; ஆயினும் அறைவெப்பத்திலேயே சிறிது சிறிதாக ஆவியாகும் தன்மையது. அவ்வாவிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதை நெடுநாள் மூச்சிழுத்தார்க்குக் கைந்நடுக்கமும், ஈறு நோயும், சிறுநீரகக் கேடும், மறதியும், காரணமின்றி வரும் சினமும் உண்டாதல் மருத்துவர் அறிந்த பழைய செய்தி. நம் கடலோர வீடுகளில் மீன் கெட்டால் மூக்கு உடனே சொல்லிவிடும். இரசத்தின் திறத்தில் மூக்கு பயன்படாது. போதிய காப்பு உடைகளும், நேர்ந்த தீங்கைப் பற்றிய விளக்கமும் தமக்கு அளிக்கப்படவில்லை என்பது கோடைக்கானல் தொழிலாளரின் கூற்று. தொழிலாளர்க்கு உடல்நலக் கேடு நேர்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பது நிறுவனத்தாரின் கூற்று. இவ்விரு கூற்றும் பதினைந்து ஆண்டுகள் எதிரெதிர் நின்றன.

செய்தி வெளிப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. அதைக் கண்டது எந்த அலுவலகமும் அன்று. 2001 மார்ச்சு மாதத்தில், மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. பழனிமலைக் காப்பு மன்றத்தாரும், கிரீன்பீஸ் அமைப்பினரும், ஊராரும், தொழிலாளருமாகச் சேர்ந்து அதைப் படமெடுத்து உலகறியச் செய்தனர். கண்ணாடியில் இரசம் ஒட்டியிருந்தது. அம்மாதமே ஆலை நின்றது, மீண்டும் திறக்கவில்லை. 2003இல் 290 டன் அளவுள்ள கழிவு கப்பலேறி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள இரசம் மீட்கும் ஆலைக்குச் சென்றது. வெள்ளைக்காரன் நாட்டுக் குப்பை இங்கு வருவதையே கேட்டுப் பழகிய நமக்கு, இங்கிருந்து அங்குச் சென்றது என்பது புதுமையான செய்தி. ஊரார் விடாது நின்றமையால் நேர்ந்தது அது.

மூட்டையிற் கட்டிய கண்ணாடியைத் திருப்பி அனுப்பலாம். மண்ணிற் கலந்ததை என் செய்வது? ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்தார் ஆலையைச் சூழ்ந்த மரங்களிலும் பாறைகளிலும் படர்ந்திருந்த பாசியையும் கற்பாசியையும் எடுத்து ஆய்ந்தனர். வேரில்லாத இவ்வுயிர்கள் காற்றில் வருவதையே உண்டு வாழ்வன. ஆதலின் காற்றில் இரசம் பரந்தது எனின் அவற்றின் உடலில் அது தங்கியிருக்கும். தங்கியிருந்தது, 2003இல் அம்முடிவு வெளியாயிற்று. 2006இல் அவர்களே கோடைக்கானல் ஏரியின் நீரையும், அடிச்சேற்றையும், மீனையும் ஆய்ந்து, அவற்றிலும் இரசம் உண்மையைக் கண்டு, ஆலையோடு அதனை இணைத்துரைத்தனர். ஆலைச் சரிவு ஏரிப்பக்கம் இல்லையே என்பார்க்கு, காற்று சென்ற வழியே அதற்கு விடையாயிற்று. மனிதர் எழுதி வையாத நாட்குறிப்பைப் பாசி எழுதி வைத்திருந்தது என்று சொன்னால் மிகையன்று.

ஏரி மீனில் இரசம் என்ற இடத்தில் நாம் நம் குலத்தொழிலுக்கு வந்துவிட்டோம். நீரிற் சேரும் இரசத்தை அடிச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசம் என்னும் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. அது தசையிற் படிந்து எளிதில் நீங்காதது. நுண்பாசியைச் சிறு கூனி உண்ணும். கூனியை நெத்திலி உண்ணும். நெத்திலியைக் கானாங்கெளுத்தி உண்ணும். அதனை வஞ்சிரமும் சுறாவும் உண்ணும். ஒவ்வொரு படியிலும் நஞ்சு திரண்டு மிகும். எல்லாவற்றையும் உண்பவன் மனிதன். அவருள்ளும் நாள்தோறும் மூவேளையும் உண்பவன் மீனவன். இதனாலேயே உலகில் இரசத்தால் நேர்ந்த பேரழிவு ஒரு மீனவர் கரையில் நேர்ந்தது. அக்கரையின் பெயர் மினமாட்டா. ஜப்பான் நாட்டின் தென்தீவில் உள்ளது.

அவ்வூரில் சிஸ்ஸோ என்னும் நிறுவனத்தின் ஆலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளைச் செய்து, இரசம் கலந்த கழிவை வளைகுடாவில் விட்டுவந்தது. 1950களில் அக்கரைப் பூனைகள் வெறிகொண்டு ஆடிக் கடலில் வீழ்ந்து மடிந்தன. பின்னர்க் குழந்தைகள் நடக்கவும் பேசவும் இயலாது வீழ்ந்தனர். 1956 மே முதல் நாள், ஆலை மருத்துவமனையின் தலைவரான ஹோசோகாவா என்பவரே இப்புதுநோயை அரசு சுகாதார நிலையத்திற்கு அறிவித்தார். 1959இல் அவர் ஆலைக் கழிவை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்ட, அதுவும் அவ்வாறே நோயுற்றது. நிறுவனத்தார் அம்முடிவை வெளியிடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், நோயுற்றோர்க்கு ஆறுதற்பணம் எனச் சிறு தொகை அளித்து, பிற்காலத்தில் ஆலையே காரணமென்று தெரியவரினும் மேற்கொண்டு ஏதும் கேட்பதில்லை என்று கையொப்பம் பெற்றனர். எழுத்தின் வலிமையை ஒரு தரப்பார் மட்டுமே அறிந்திருந்தால் என் நிகழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1968இலேதான் அரசு உண்மையை ஒப்பிற்று; 1973இல் நீதிமன்றம் நிறுவனத்தின் மீது பொறுப்பைச் சுமத்தி, அவ்வொப்பந்தமும் செல்லாது என்றது.

அவ்வரலாற்றில் எம் உள்ளத்தை விட்டு அகலாதது ஒரு வலை. 1974இல் வளைகுடாவின் வாயிலை அடைத்து நீண்ட வலை கட்டினர். மீனைப் பிடிப்பதற்கன்று; நஞ்சேறிய மீன் வெளிக்கடலுக்குப் போகாமலும் வெளிமீன் உள்ளே வாராமலும் தடுப்பதற்கு. அவ்வலை 1997 வரை, இருபத்து மூன்று ஆண்டு, அங்கேயே கிடந்தது. வலை பின்னியும் வீசியும் வாழும் நமக்கு அதனை நினைக்கவே கை கூசுகின்றது. 2013இல் உலக நாடுகள் இரசத்தைக் கட்டுப்படுத்தச் செய்த உடன்படிக்கைக்கு அவ்வூர்ப் பெயரையே சூட்டினர். இந்தியா 2018இல் அதனை ஏற்றுறுதி செய்தது.

மீண்டும் கோடைமலைக்கு வருவாம். ஆலை அடைத்த பின்னர்த் தொழிலாளர் தமக்கெனச் சங்கம் கண்டனர். 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். நிறுவனத்தார் சார்பில் நடந்த ஆய்வுகள், நோய்க்கு ஆலை காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றன. 2011இல் மத்திய அரசின் தொழிலாளர் அமைச்சகம் அமைத்த குழு, தொழிலாளர் இரசத்தாற் பாதிப்புற்றமைக்கு முதனோக்கிலேயே சான்றுண்டு என்றது. 2015இல் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் ஆங்கிலத்திற் பாடிய வேகப்பாட்டொன்று இணைய வழியே உலகெங்கும் சென்றது. அப்பாட்டின் நடை எம் போன்ற பண்டிதர் செவிக்கு ஏற்றதன்று. ஆயினும் யாம் எழுதும் பத்துக் கட்டுரை செய்யாததை அது ஒரு திங்களிற் செய்தது என்பதை ஒப்புகின்றோம். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளரோடும் அவர்தம் குடும்பத்தாரோடும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. மண்ணைத் தூய்மை செய்யும் வழக்கோ வேறு. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் இரசம் வரை எஞ்சலாம் என்னும் அளவைக் கொண்டு நிறுவனத்தார் பணியைத் திட்டமிட, சோலையும் நீரோடையும் உள்ள இடத்திற்கு அவ்வளவு தகாது, இன்னும் கடுமையாக வேண்டும் என்று ஊரார் வழக்காடினர். ஆலை இயங்கியது ஏறத்தாழப் பதினேழாண்டு. அது நின்று பதினைந்தாண்டு ஆன பின்னும் அம்மண் அப்படியே கிடந்தது.

இங்கு யாம் கண்ட நுட்பம் ஒன்று உண்டு. 591 என்னும் எண்ணில் அடங்கினோர் ஆலைக்குள் வேலை செய்தோர். அவர்க்குப் பெயர் இருந்தது, வேலைச் சீட்டு இருந்தது, சேர்ந்த நாளும் நின்ற நாளும் இருந்தன. மதிற்சுவர்க்கு வெளியே, அதே காற்றை உண்டும் அதே ஓடையில் துணி துவைத்தும் வாழ்ந்தவர்க்கு அத்தகைய சீட்டு எதுவும் இல்லை. இல்லாதார் அவ்வெண்ணில் இல்லை.

காலாப்பட்டிலும் நாம் பெரும்பாலும் மதிற்சுவர்க்கு வெளியே உள்ளவர்களே.

எம் இல்லத்துக் கிணற்றைப் பற்றிக் கூறுவாம். எம் அன்னையார் மணமாகி வந்த காலத்தில் அந்நீரிற் பருப்பு மலர வெந்ததென்பர். எம் இளமையிலும் அந்நீரையே பருகினோம். பின்னர் எப்போதோ பருப்பு வேகாதாயிற்று, சோப்பு நுரையாதாயிற்று, செப்புக் குடத்தில் வெண்பொருக்கு ஏறிற்று. குழாய் நீர் வந்தமையால் கிணற்றை மறந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஊரார் சிலரோடு யாமும் ஓர் அலுவலகத்திற்கு விண்ணப்பம் கொண்டு சென்றோம். அங்கிருந்த அலுவலர் முகம் கோணாமல் கேட்டார்: "எந்த ஆண்டிலிருந்து இப்படி? முன்பு எடுத்த நீர்ச் சோதனை ஏதாவது இருக்கிறதா?" எம்மிடம் இரண்டிற்கும் விடையில்லை. ஒருவர் சுனாமிக்கு முன் என்றார். ஒருவர் அவர் மகள் மணத்திற்குப் பின் என்றார். ஒருவர் அலுவலரோடு சினந்து வெளியேறினார். விண்ணப்பம் ஒரு கட்டில் கட்டப்பட்டது. அதன்பின் அதைப் பற்றிச் செய்தியில்லை.

அலுவலரை மட்டும் குறைகூற யாம் விரும்பவில்லை. ஆலையின் மேலும் பழி சுமத்த எமக்குச் சான்றில்லை. கடலோரக் கிணறு உவர்ப்பதற்குக் காரணம் பல. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்குக் கடலுள் கல்லணை கட்டிய பின்னர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, வடக்கே உள்ள கரைகள் அரிக்கப்பட்டன. பிள்ளைச்சாவடியில் வீடுகள் வரை அலை வந்ததை நம்மவர் கண்டனர். நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தால் கடல்நீர் உள்ளே புகும். 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருள் வந்து கிணறுகளை மூடிற்று. இவற்றுள் எது எந்தக் கிணற்றை எந்த ஆண்டிற் கெடுத்தது, ஆலைக் கழிவுக்கு அதிற் பங்கு உண்டா, இல்லையா, உண்டெனின் எவ்வளவு என்பதை ஆண்டுவாரிக் கணக்கு ஒன்றே காட்டவல்லது. அக்கணக்கு நம்மிடம் இல்லை. ஆதலால் உண்மையில் தீங்கு செய்தார் உளராயின் அவரும் தப்பினார். தீங்கு செய்யாதார் உளராயின் அவர் மீதும் வீண்பழி நின்றது.

2023 நவம்பர் 4ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை இளைஞர் மறந்திரார். காலாப்பட்டிலுள்ள சோலாரா ஆக்டிவ் பார்மா சயின்சஸ் என்னும் மருந்து மூலப்பொருள் ஆலையில் வெடிப்பு நேர்ந்து, 14 தொழிலாளர் காயமுற்றனர். முன்னர் ஷாசன் என்னும் பெயரால் நம்மவர் அறிந்த ஆலையே அது. ஊரார் கிழக்குக் கடற்கரைச் சாலையை மறித்தனர்; ஆலையை மூடுக என்றனர். மறியலில் நின்றோருள் அவ்வாலையிலேயே வேலை செய்வோரின் உடன்பிறந்தாரும் இருந்தனர் என்று கேள்வி. கடல் தராத நாளில் ஆலைச் சம்பளமே அடுப்பெரித்தது என்பதை மறைத்துப் பேசுவது அறமாகாது. அவ்விரவில் நம்மவர் உரத்த குரலிற் கூறியவை பல: நெடுநாளாக மணம் வருகின்றது, கண் எரிகின்றது, கிணறு கெட்டது என்பன. எந்நாள் எவ்வேளையில் எவ்விடத்தில் என்று ஒருவரும் கூறினாரில்லை. மறுவாரம் அக்குரல்கள் அடங்கின. தாளில் எதுவும் மிஞ்சவில்லை.

இதனைக் கருதி, நம் பள்ளியில் எம்மிடம் பயிலும் எட்டாம் வகுப்பு மாணாக்கர் இருபத்தொருவரைக் கொண்டு ஒரு சிறு செயலைத் தொடங்கியுள்ளோம். அவரவர் இல்லத்துக் கிணறோ, ஆழ்துளைக் குழாயோ, அதன் ஆழம், தோண்டிய ஆண்டு, நீர் மட்டம், சுவை, நிறம், பருப்பு வேகுமா என்பன நாற்பது பக்கக் குறிப்பேட்டில் திங்கட்கு ஒருமுறை எழுதப்படும். பாட்டியர் நினைவைக் கேட்டு எழுதுவதற்கு வேறு பக்கங்கள் உண்டு. ஆண்டு நினைவில்லாதார்க்குத் திருமணம், திருவிழா, புயல் என்பவற்றை வைத்துக் கணக்கிட்டுக் கொள்ளுமாறு கூறியுள்ளோம். துர்நாற்றம் வந்தால் நாள், மணி, காற்றின் திசை மூன்றும் வேண்டும். காற்றின் திசையை எழுதுவது எப்படி என்று மாணாக்கர்க்கு யாம் கற்பிக்கத் தேவையே இருக்கவில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனத் தந்தையர் வாயிலாக அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். தமிழ்ப் பண்டிதராகிய எமக்குத்தான் இவற்றுள் இரண்டிற்குத் திசை தடுமாறிற்று.

ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், ஏழு கிணறுகளின் நீரைத் தக்க ஆய்வுக்கூடத்திற் சோதித்து, அம்முடிவை இப்பத்திரிகையிலேயே அச்சிட வேண்டும் என்று சங்கத்தாரை வேண்டியுள்ளோம். அதற்குரிய செலவைப் பங்குனி விழாக் கணக்கிலிருந்து எடுப்பதா, தனியே தண்டுவதா என்பது வரும் கூட்டத்தில் முடிவாகும். வெளியூரிலுள்ள அன்பர்கள், தம் இல்லத்துப் பழம்பெட்டிகளில் 1985க்கு முன் எடுத்த கிணற்று நீர்ச் சோதனைத் தாளோ, நிலப்பத்திரமோ, கிணற்றடி தெரியும் புகைப்படமோ இருப்பின், அதன் படியை அனுப்ப வேண்டுகின்றோம். கிணற்றின் வரலாறு கேட்ட அவ்விளைஞர் தம் பாட்டியார் சொற்படி முதல் ஏட்டில் எழுதிய முதல் வரி இது: "எங்கள் கிணறு, பதினெட்டு முழம். என் அப்பா பிறந்த வருஷம் தோண்டியது. அப்போது தித்திப்பு."

இரண்டாம் வரியில் அவர் ஆண்டை எழுதி அடித்திருக்கின்றார். மீண்டும் எழுதி மீண்டும் அடித்திருக்கின்றார். பாட்டியாரிடம் கேட்டு வருவதாகச் சொல்லிச் சென்றுள்ளார்.